பன்னிரண்டு நூறு

ஏப்ரல் 20, ஞாயிறு

இது கடைக்கு வரும் ஆர்டர்களைக் குறித்துவைக்கிற டைரி. இன்று முதல் மற்றதையும் இதிலேயே எழுதலாம் என்று நினைக்கிறேன். மறதி அதிகமாகிவிட்டது. போன வாரம் ஓர் அஞ்சலி பேனரில் ‘நீங்கா நினைவில் வாடும் குடும்பத்தார்’ என்ற வரியில் ஒரு காலை விட்டுவிட்டேன். ‘நீங்க நினைவில்’ என்று பத்தடி அகலத்துக்கு அச்சாகி, இழவு வீட்டுப் பந்தலில் ஏறி, மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வாத்தியார் வந்து கவனித்துவிட்டார். வாத்தியார்கள் இழவு வீட்டில்கூடச் சும்மா இருக்க மாட்டார்கள்.

அருப்புக்கோட்டையில் பத்தொன்பது வருடமாக இந்த வரியை அடித்துக்கொண்டிருக்கிறேன். விரல் தானாகப் போகும். இப்போது விரலுக்கும் மறக்கிறது.

மிதுனாவுக்கு இரட்டைச் சடை போட்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் அப்படியே விளையாடப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்றாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைக் கொடுத்துவிட்டார்கள். தமிழில் நாற்பத்தாறு. ‘என் அம்மா’ என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இல்லாத பிள்ளைக்கு வேறு கேள்வி கொடுக்கலாம் என்று எந்த டீச்சருக்கும் தோன்றவில்லை. மிதுனா எழுதியிருப்பது:

‘என் அம்மா பெயர் முத்துப்பேச்சி. என் அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டுவார். கையில் தங்க வளையல் போட்டிருப்பார். என் அம்மா சிரித்துக்கொண்டே இருப்பார். என் அம்மா பேச மாட்டார்.’

ஐந்துக்கு ஐந்து. பக்கத்தில் சிவப்பு மையில் ‘நன்று’.

பேச்சியிடம் பச்சைப் பட்டு கிடையாது. அது நான் போட்ட உடம்பு.

எங்கள் தொழிலில் இது வழக்கம். செத்தவருக்கு நல்ல போட்டோ இருக்காது. ஆதார் கார்டிலிருந்தோ, கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்திலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி எடுப்போம். கழுத்துக்குக் கீழே தயாராக உடம்புகள் இருக்கின்றன. என் கம்ப்யூட்டரில் ஆண்களுக்குக் கோட்டு போட்ட உடம்பு நாற்பது, பெண்களுக்குப் பட்டுச்சேலை கட்டியது இருபத்தாறு. தலை இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேச்சியின் முகத்தைப் பச்சைப் பட்டு ஏழில் ஒட்டினேன். அந்தப் படம்தான் ஒரு வருடமாகச் சுவரில் மாலையோடு இருக்கிறது. மிதுனா அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி முதலாம் ஆண்டு. அதற்குள் வேறு படம் செய்துவிட வேண்டும். பிள்ளைக்கு நான் கொடுக்க முடிவது அது ஒன்றுதான்.

ஏப்ரல் 23, புதன்

பூப்புனித நீராட்டு விழா பேனர் இரண்டு. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

உட்கார்ந்து பேச்சியின் கையை நினைத்துப் பார்த்தேன். நீளமான விரல், மோதிர விரலில் சிவப்புக் கல். நன்றாகத் தெரிந்தது. அப்புறம்தான் உறைத்தது, அது ஏழாம் நம்பரின் கை. பேச்சியின் கையில் வடைச்சட்டி எண்ணெய் தெறித்த தழும்பு உண்டு. வலது கையா, இடது கையா?

மிதுனாவைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

செல்வக்கனி மதினி பந்தல்குடியிலிருந்து வந்தார். பேச்சியின் அக்கா. கறி எடுத்து வந்து சமைத்துப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே போய் பீரோவைத் திறந்தார்.

“தம்பி, அந்தப் பச்சைப் பட்டு எங்க வச்சிருக்கீங்க? மூத்தவளுக்கு ஆவணியில நிச்சயம் வச்சிருக்கு. சித்தி சேலையக் கட்டிக்கிறேன்னு ஆசப்படுறா.”

“பச்சைப் பட்டே அவகிட்ட இல்ல மதினி.”

“என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? இந்தா, படத்துல கட்டிருக்காள்ல.”

“அது கம்ப்யூட்டர்ல இருக்கிற படம் மதினி. உடம்பு வேற ஆளோடது. தலைய மட்டும் வச்சேன்.”

மதினி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் கூட இருந்து எடுத்த சேலை தம்பி அது. மதுரையில எடுத்தோம். அந்தக் கடையில அவ மோர் வாங்கிக் குடிச்சது வரைக்கும் எனக்கு நினைப்பிருக்கு. எங்கிட்டுப் போயிருச்சுன்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அதுக்காக இப்படியா?”

கோபம்தான். ஒரு மணி நேரம் எல்லாச் சேலையையும் எடுத்து உதறி மடித்து வைத்தார். கிளம்பும்போது பேச்சியின் செல்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் அந்தச் சேலையோடு போட்டோ இருக்குமாம், சார்ஜ் போட்டுத் தேடிக் காட்டுகிறாராம்.

மேல்வீட்டு அம்மா வாசலில் நின்று துக்கம் விசாரித்தபோது மதினி எனக்காகப் பேசினார். “தம்பியக் குத்தம் சொல்ல முடியாது. போன் வந்ததும் கீழ கடையில இருந்து ஒரே ஓட்டமா ஓடித்தான் வந்திருக்காரு. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

அன்றைய நாளில் எனக்கு நினைவிருப்பதை எழுதிப் பார்க்கிறேன். போன வருடம் மே 12, ஞாயிற்றுக்கிழமை. கடையில் தனுஷ்கோடி என்பவரின் அஞ்சலி போஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. பருத்திக் கமிஷன் கடையில் எடை போட்டவர், முந்தின நாள் இறந்துபோனார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். வலது கன்னத்தில் மரு, மருவில் இரண்டு நரைமுடி. சவரம் செய்து இரண்டு நாள் ஆன தாடை. இடது புருவத்தில் முடி இல்லாத ஒரு கோடு. சட்டைக் காலர் கறையை எடுத்துவிட்டுக் கோட்டு பதினொன்றைப் போட்டேன். கழுத்தும் காலரும் சேரும் இடத்தில் நிழல் சரியாக விழவில்லை. நாலு தடவை மாற்றினேன். மின்விசிறி கிரீச்சென்றது.

இவ்வளவும் இருக்கிறது. வழியில் பார்த்தால் அடையாளம் கண்டு வணக்கம் வைத்துவிடுவேன், அவர் உயிரோடு இருந்தால்.

பேச்சி? மாடி ஏறியது நினைவில்லை. அவள் எங்கே எப்படிக் கிடந்தாள், என்ன கட்டியிருந்தாள், ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் பச்சை பெயிண்ட். அவ்வளவுதான்.

கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுதான் தங்கியிருக்கிறது. ஆட்களில் வித்தியாசம் பார்க்கவில்லை.

அழுகை வரும் வரும் என்று ஒரு வருடமாக இருக்கிறேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

மே 1, வியாழன்

லீவு. மிதுனாவும் நானும் இட்லி மாவு வாங்கப் போனோம்.

மே 3, சனி

தனுஷ்கோடியின் மகன் இன்பராஜ் வந்தான். மே 11 அவருக்கு முதலாம் ஆண்டு. கையில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ.

“அண்ணே, போஸ்டருக்கு அதே படத்தையே போட்ருங்க. எங்க அம்மாவுக்கு அந்தப் படம்னா உசுரு. அப்பா கோட்டுலதான் இருப்பாரு எப்பவும்ங்குறாங்க. எங்கப்பா வாழ்நாள்ல கோட்டு போட்டதே கிடையாதுண்ணே.”

“சரி, போட்டுத்தாரேன்.”

அவன் போகாமல் நின்றான்.

“அண்ணே, சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னேன். உங்க போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க எங்கப்பா வேலைய முடிச்சுக் குடுத்துட்டுத்தான் எந்திரிச்சீங்க. அப்புறம்தான் விஷயம் கேள்விப்பட்டோம். இந்த உதவிய எங்க குடும்பம் மறக்காதுண்ணே.”

கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

காராச்சேவை மிதுனா சாப்பிட்டாள். நல்ல காரம்.

மே 5, திங்கள்

இன்பராஜ் வேலையைத் தொடவில்லை. பழைய ஃபைல் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன். ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மே 6, செவ்வாய்

திறந்துவிட்டேன். வேறு வழியில்லை, நாள் நெருங்கிவிட்டது. தனுஷ்கோடி அப்படியேதான் இருக்கிறார். மரு, நரைமுடி, எல்லாம். காலர் நிழல் இன்னும் சரியில்லை. நாலு தடவை மாற்றியும் ஐந்தாவதாக ஒன்று செய்திருக்கலாம்.

ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் கடைசியாகச் சேமித்த நேரம் இருக்கும். மே 12, காலை 11:31.

சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் இதைக் குறிக்கிறேன் என்று தெரியவில்லை. கரண்ட் போனால் செய்த வேலை போய்விடும், அதனால் சேமிப்பேன். அது பழக்கம்.

தேதியை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். ‘நீங்கா’வில் கால் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

மே 8, வியாழன்

மதினி வந்து செல்போனைக் கொடுத்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

“ஒரு போட்டோவும் இல்ல தம்பி. எதை எடுத்தாலும் கைய நீட்டி மறைச்சிருக்கா. சேலையும் இல்ல, அவளும் இல்ல.”

உண்மைதான். யார் எடுக்கப் போனாலும் ‘எடுக்காதீங்க, நான் எண்ணெய் வடிஞ்சு நிக்கேன்’ என்று உள்ளங்கையை நீட்டிவிடுவாள். போட்டோவோடு பிழைக்கிறவன் பொண்டாட்டிக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை.

அந்தக் கைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தழும்பு வலது கையில். மணிக்கட்டுக்குக் கீழே.

“அப்ப நான் மதுரையில எடுத்தது யாருக்கு தம்பி?” என்று மதினி கேட்டார். எனக்குக் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “மோர் குடிச்சாளே.”

அவர் போன பிறகு போனில் அழைப்புகளைப் பார்த்தேன். மே 12. என் பெயருக்கு 11:10. பதினாலு விநாடி. அப்புறம் 11:13, 11:16. இரண்டும் எடுக்கவில்லை.

பதினாலு விநாடியில் அவள் ஏதோ சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் தெரியும். யார் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வேன். ‘இந்தா, ஒரு நிமிஷம்.’

மே 10, சனி

படம் முடிந்தது. ரேஷன் கார்டுக்காக எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. அதில் மட்டும் கையை நீட்டவில்லை, சர்க்கார் காரியம் என்று பயந்திருப்பாள். சாயம் போன காப்பிக் கலர் நூல் சேலை, தோளில் ஊக்கு தெரிகிறது. முறைக்கிறாள். பச்சைப் பட்டில் இதே முகத்தைத்தான் உதட்டை இழுத்துச் சிரிக்கவைத்திருந்தேன். உடம்பு ஒட்டவில்லை, கன்னத்தை வெளுக்கவில்லை, ஊக்கைக்கூட எடுக்கவில்லை.

சுவரில் மாட்டியதும் மிதுனா வந்து நின்று பார்த்தாள்.

“இது யாரு?” என்றாள்.

மே 11, ஞாயிறு

தனுஷ்கோடி போஸ்டர் பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறது. பிழை எதுவும் இல்லை.

மே 12, திங்கள்

காலையில் சாமி கும்பிட்டு இலை போட்டோம். முப்பது பேர் இருக்கும். மதினி புதுப் படத்தைப் பார்த்து, “பட்டுல எவ்வளவு லட்சணமா இருந்தா, இப்படி ஆக்கிட்டீங்களே” என்று அழுதார். யாரோ கேட்டார்கள், நான் மறுபடியும் சொன்னேன், போன் வந்ததும் ஓடினேன் என்று. மிதுனா பந்தியில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவிவிட்டு வந்தால், அடுப்படி வாசலுக்கு முன்னால் வெறுந்தரையில் மிதுனா படுத்திருக்கிறாள்.

“பாய் விரிச்சுப் படு” என்றேன்.

“இங்கதான் ஜில்லுன்னு இருக்கும். நீயும் வந்து படுப்பா.”

“யாரு சொன்னா?”

“அம்மா. அன்னைக்கு.”

“என்னைக்கு?”

“நீ கீழ வேலையா இருந்தேல்ல, அன்னைக்கு.”

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

“அம்மாவுக்கு ரொம்ப வேர்த்துச்சு. இங்க வந்து படுத்துக்கிட்டா. என்னையும் படுன்னா. நான் போய் அப்பாவக் கூட்டிட்டு வரவான்னு கேட்டேன். வேணாம், அப்பா ஒரு நிமிஷத்துல வர்றேன்னுருக்காரு, நீ நூறு வரைக்கும் எண்ணு, வந்துருவாருன்னா.”

“எண்ணுனியா?”

“எண்ணுனேன். நீ வரல. இன்னொரு வாட்டி எண்ணுன்னா. அம்மாவும் கூட எண்ணுனா. நடுவுல உனக்கு போன் அடிச்சா. யாரு நிறுத்துறாங்களோ அவங்க அவுட்டு.”

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டேன்.

“அம்மா எவ்வளவு எண்ணுனா?”

“நாலு நூறு. அப்புறம் தூங்கிட்டா. அவதான் அவுட்டு. நான் நிறுத்தல. சத்தம் கேட்டா முழிச்சிருவாள்ல, அதனால மனசுக்குள்ளயே எண்ணுனேன்.”

“இத ஏன் யாருட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“பரீட்சையில எழுதியிருக்கலாம்ல?”

“அஞ்சு வரிதான் எழுதச் சொன்னாங்க. அதான் படத்தப் பாத்து எழுதிட்டேன்.” திரும்பி ஒருக்களித்துப் படுத்தாள். “அம்மா இப்படித்தான் படுத்திருந்தா. கைய இப்படி தலைக்குக் கீழ வச்சுக்கிட்டு.”

“அன்னைக்கு அம்மா என்ன கட்டியிருந்தா?”

“நைட்டி. ஊதாக் கலரு. பாக்கெட்டு கிழிஞ்சு தொங்கும்ல, அது.”

கிழிந்த பாக்கெட். நான்தான் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழித்தேன், அவசரமாக உள்ளே போகிறேன் என்று. தைக்கிறேன் தைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊதா நைட்டி தரையில் கிடக்கிறது, நான் செருப்புக் காலோடு நிற்கிறேன். ஒரு வருடமாக இல்லாதது அவள் சொன்னதும் வந்துவிட்டது. பார்த்துதான் இருக்கிறேன். எங்கேயோ வைத்துவிட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானும் படுத்தேன். தரை ஜில்லென்றுதான் இருந்தது. பக்கத்தில் பிள்ளை. பயமாக இருந்தது, அதை எழுதிவிடுகிறேன். இப்போது அவளுக்கு அது அம்மாவோடு விளையாடிய விளையாட்டு. அதில் அவள் ஜெயித்தவள். என்றைக்காவது வளர்ந்து பெரியவளாகி அந்த நூறுகளை நிமிடமாக மாற்றிப் பார்ப்பாள். அன்றைக்கு நான் ‘ஓடித்தான் வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

“மிதுனா, அப்பா உடனே வரல. போன் வந்ததும் ஓடினேன்னு எல்லார்ட்டயும் சொல்றேன்ல, அது பொய். வேலைய முடிச்சுட்டு லேட்டாத்தான் வந்தேன்.”

“தெரியும்ப்பா” என்றாள். “பன்னெண்டு நூறு. பதிமூணாவதுல முப்பத்தெட்டு எண்ணுறப்ப நீ செருப்போட உள்ள வந்த.”

நான் கூரையைப் பார்த்தபடியே கிடந்தேன். எனக்குச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டாள் போல. முழங்கையை ஊன்றி எழுந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“நெசமாப்பா. ஒண்ணுகூட விடாம எண்ணுனேன்.”

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். நான் எழுந்து வந்து டைரியை எடுத்து ஆறாம் தேதியையும் எட்டாம் தேதியையும் புரட்டிப் பார்த்தேன். 11:10. 11:31. விநாடிக்கு ஒன்று என்று வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.